எது மிச்சம்?

ஒரு காட்டில், மலையிலிருந்து இறங்கி வரும் ஓடை வளைந்து திரும்புகிற இடத்தில், ஒரு தாய்ப் பெருச்சாளி தன் குட்டிகளோடு வளை தோண்டிக் குடியிருந்தது, பிள்ளைகளே.

அந்தக் காட்டு மிருகங்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தின்றது போக மிஞ்சியதையெல்லாம் ஓடையில் தள்ளிவிடும். பலாச்சக்கை, மாங்கொட்டை, அழுகின காய், சாணம் எல்லாம் ஓடைக்குத்தான். "தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும்" என்று சொல்லிக்கொள்ளும்.

எங்கே போகும்? வளைவு வரைக்கும்தான் போகும். பெருச்சாளி வீட்டு வாசலில் வந்து தேங்கி நாறும்.

ஒரு கோடையில் அந்தத் தண்ணீரைக் குடித்த கடைசிக் குட்டிக்கு வயிறு கெட்டுவிட்டது. கண்கூடத் திறக்காமல் துவண்டு கிடந்தது. தாய் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வேண்டியது.

"பிள்ளையாரப்பா! உன்னைச் சுமக்கிற குலம் நாங்கள். கொழுக்கட்டை படைக்க என்னிடம் அரிசி ஏது? என் குட்டியைப் பிழைக்க வைத்துவிடு. இந்த ஓடையில் இனி ஒரு பழத்தோல்கூட விழாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்."

குட்டி பிழைத்தது. வேண்டுதலை நிறைவேற்ற வேண்டுமே!

பெருச்சாளிக்குத் தோண்டத் தெரியும். வேறொன்றும் தெரியாது. ஆகவே மேட்டில் ஒரு பெரிய குழி தோண்டியது. விடிந்ததும் வளை வளையாக, மரம் மரமாகப் போய் நின்றது.

"உங்கள் வீட்டு மிச்சத்தை ஓடையில் போடாதீர்கள். என்னிடம் கொடுங்கள், நான் எடுத்துப் போகிறேன்."

குப்பையை வாசலில் வந்து வாங்கிப் போக ஆள் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? எல்லா மிருகங்களும் அள்ளி அள்ளிக் கொடுத்தன.

பெருச்சாளி குப்பையைக் குழியில் பரப்பும். மேலே சருகு போடும். அதற்கு மேலே ஈரமண் போட்டு மூடும். ஒரு மழைக்காலம் கழிந்து திறந்து பார்த்தால், நாற்றமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியாது. கையில் எடுத்தால் குளிர்ச்சியாக, கன்னங்கரேலென்று எரு!

சரிவில் வள்ளிக்கிழங்கு போடும் முயல் அந்த எருவை வாங்கித் தன் பாத்தியில் போட்டுப் பார்த்தது. கிழங்கு ஒவ்வொன்றும் முயலின் தலையளவு விளைந்தது.

"அக்கா, எருவுக்குப் பதிலாக நான் என்ன கொடுக்கட்டும்?" என்று முயல் கேட்டது.

"ஐயையோ! வேண்டிக்கொண்டு செய்கிற காரியத்துக்குக் கூலி வாங்கலாமா? பாவம் வந்து சேரும்" என்று பெருச்சாளி காதைப் பொத்திக்கொண்டது.

"அப்படியானால் சரி" என்று முயல் போய்விட்டது. கேட்டதே பெரிய மனசு என்று அதற்கு நினைப்பு.

ஓடை தெளிந்தது. "பெருச்சாளி புண்ணியவதி" என்று காடே புகழ்ந்தது. ஆனால் புகழை வேகவைத்துத் தின்ன முடியுமா? நாள் முழுக்கக் குப்பை சுமந்தால் இரை தேட நேரம் ஏது? குட்டிகள் மண்ணை நக்கிக்கொண்டு கிடந்தன. தாய் தனக்கென்று கிடைத்த வேரையும் அவற்றுக்கே கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு புறப்பட்டுப் போகும்.

ஒருநாள் பலாச்சக்கையை இழுத்துக்கொண்டு வரும்போது பாதையிலேயே மயங்கி விழுந்தது.

அந்த வழியாக ஒரு கீரிப்பிள்ளை வந்தது. ஆதாயம் இல்லாமல் ஓர் அடி வைக்காத கீரி அது. ஆனால் கெட்ட கீரி என்று நினைத்துவிடாதீர்கள். இலையில் தண்ணீர் கொண்டுவந்து பெருச்சாளியின் முகத்தில் தெளித்தது.

"ஏன் அக்கா, சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று?"

"அது எதற்குத் தம்பி? ஓடை சுத்தமாக இருந்தால் போதும். வேண்டுதல்."

"வேண்டிக்கொண்டது யார்?"

"நான்தான்."

"உன் குட்டிகளா பட்டினி கிடக்கிறோம் என்று வேண்டிக்கொண்டன?"

பெருச்சாளிக்குச் சுருக்கென்றது.

"இன்றைக்கு நீ விழுந்தாய். நாளைக்கு எழுந்திருக்க மாட்டாய். அதற்கு மறுநாள் சக்கையெல்லாம் பழையபடி ஓடைக்குத்தான் போகும். அப்போது உன் வேண்டுதல் என்ன ஆகும்? முயலிடம் கிழங்கு வாங்கு அக்கா. பேசி முடிப்பதை என்னிடம் விடு. எருவைக் கிளறும்போது கொழுத்த வெள்ளைப் புழுக்கள் வருகின்றனவே, அவை எனக்கு. கிழங்கு உனக்கு."

பெருச்சாளி யோசித்துப் பார்த்துச் சம்மதித்தது.

கீரி முயலிடம் போய், "விளைந்ததில் கால் பங்கு" என்றது. முயல் உடனே தலையாட்டிவிட்டது. "நான்தான் முதலிலேயே கேட்டேனே! அக்காதானே காதைப் பொத்திக்கொண்டது?" என்று வேறு சொன்னது.

குட்டிகளின் விலா எலும்பு மறைந்தது. பெருச்சாளியின் நடையில் தெம்பு வந்தது. ஓடையும் தெளிவாக ஓடியது. அவ்வளவோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கிழங்கு வளைக்குள் குவியக் குவியக் கீரிக்கு மூளை ஓடியது.

"அக்கா, எரு இன்னும் இருந்தால் பக்கத்துச் சரிவிலும் கிழங்கு போடத் தயார் என்கிறது முயல். நமக்கு இப்போது எது குறைச்சல் தெரியுமா? குப்பைதான் குறைச்சல்!"

"குப்பை குறைந்தால் நல்லதுதானே தம்பி?"

"ஓடைக்கு நல்லது. குழிக்கு நல்லதா? மழைக்காலத்துக்குக் கொஞ்சம் சேர்த்து வைக்க வேண்டாமா? உனக்கு உன் குட்டிகள் வயிற்றில் அக்கறை இருக்கிறதா இல்லையா?"

குட்டிகள் என்றதும் பெருச்சாளி அடங்கிவிட்டது.

கீரி நேராகக் குரங்குக் கூட்டத்திடம் போயிற்று. பெருச்சாளியும் பின்னாலேயே போயிற்று. கூட்டத்தின் தலைவன் ஒரு கிழட்டுக் கடுவன் குரங்கு. கிளையில் மல்லாந்து கிடந்தது.

"மாமா! உங்கள் மிச்சத்தையெல்லாம் எங்கள் குழியில் கொண்டுவந்து கொட்டுங்கள். ஒரு குவியலுக்கு ஒரு கிழங்கு" என்றது கீரி.

"மிச்சம் என்றால் எது மாப்பிள்ளை? விளக்கமாகச் சொல்லிவிடு. கொண்டுவந்த பிறகு இது இல்லை, அது இல்லை என்று சொல்லக்கூடாது."

"இதில் என்ன விளக்கம் வேண்டிக் கிடக்கிறது? நீங்கள் தின்னாமல் விட்டதெல்லாம் மிச்சம்."

"தின்னாமல் விட்டதெல்லாமா?"

"விட்டதெல்லாம்தான்."

குரங்கு தலையைச் சொறிந்தது. பிறகு எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தது.

பெருச்சாளி பக்கத்தில்தான் நின்றது. அந்தப் பேச்சில் அதற்கும் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து குவியல் குவியலாக வந்தது. முதலில் தோலும் கொட்டையும் வந்தன. அப்புறம் பாதி தின்ற பழம் வந்தது. அப்புறம் ஒரே ஒரு கடி கடித்த பழம். கடைசியில் பச்சை அத்திக்காயைக் கொத்துக் கொத்தாகப் பறித்து, பல்லை மட்டும் வைத்து அழுத்திவிட்டு எறிந்தன குரங்குகள். கிழங்கு ருசி கண்ட வாய்க்குப் பழம் எதற்கு?

பெருச்சாளி ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"தம்பி, இது மிச்சமா? இது இன்னும் பழுக்கவே இல்லையே?"

"பல் பட்டிருக்கிறதா?"

"பட்டிருக்கிறது."

"பல் பட்டால் எச்சில். எச்சில் என்றால் மிச்சம்தானே? மண்ணைப் போட்டு மூடு அக்கா, வெயில் ஏறுகிறது!"

மனசு ஒப்பாமல்தான் மூடியது. ஆனால் மூடியது. குழி வேலை பெருகிப் போனதால் வளை வளையாகப் போய்க் குப்பை வாங்கவும் அதற்கு நேரம் இல்லை. குப்பை வாங்கப் பெருச்சாளி வரும் என்று காத்திருந்து பார்த்த ஆமையும் உடும்பும் வேறு வழியில்லாமல் மறுபடி ஓடையில் தள்ள ஆரம்பித்தன.

ஒரு பிற்பகலில் குழிக்கரையில் ஒரு பெரிய பறவை வந்து இறங்கியது. இறங்கியது என்ன, விழுந்தது என்றே சொல்லலாம். மஞ்சள் அலகு, அகன்ற சிறகு. அது ஓர் இருவாச்சி. ஒரு சிறகு தோளருகே வீங்கித் தொங்கியது.

"தங்கச்சி, இந்தக் குழியிலிருந்து ஓர் அத்திப்பழம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்றது.

பெருச்சாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருவாச்சி என்றால் காட்டில் ஒரு மரியாதை உண்டு. தரையில் கால் வைக்காத பறவை. அது குப்பைக் குழியில் வந்து கேட்பதா?

"என்ன அண்ணா இது? மரம் நிறைய அத்தி இருக்குமே!"

"மரத்தில் என்ன இருக்கிறது? எல்லாம் இங்கேதானே இருக்கிறது."

பெருச்சாளி அவசரமாக மண்ணைக் கிளறியது. எல்லாம் பச்சைக்காய். இல்லையென்றால் அழுகல். கொடுக்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை.

"அண்ணியும் குஞ்சும் பொந்துக்குள்ளேயா இருக்கிறார்கள்?"

"ஆமாம்."

உங்களுக்குத் தெரியுமா பிள்ளைகளே? இருவாச்சித் தாய் முட்டையிடும்போது மரப்பொந்துக்குள் போய், வாசலை மண் வைத்து அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டுவைக்கும். குஞ்சு வளருகிற வரையில் வெளியே வராது. ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்ட வேண்டும்.

"மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆலமரம் பழுத்திருக்கிறது. அங்கே போய்ப் போய் வந்ததில் தோள் இப்படி ஆகிவிட்டது. நேற்று ஒரே ஒரு தடவைதான் போக முடிந்தது. இன்றைக்கு அதுவும் முடியவில்லை. காலையிலிருந்து குஞ்சின் சத்தமும் கேட்கவில்லை" என்றது இருவாச்சி.

பெருச்சாளி பொந்து இருந்த மரத்தடிக்கு ஓடியது. ஆண் இருவாச்சியும் பின்னாலேயே தத்தி வந்தது. ஏறத் தெரியாமல் வேரைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து கூப்பிட்டது.

"அண்ணி! அண்ணி! நான் பெருச்சாளி வந்திருக்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?"

கீற்றில் அலகு நுனி தெரிந்தது. குரல் மெல்ல வந்தது.

"எனக்கு என்னம்மா? குஞ்சு தின்ற பிறகு மிச்சம் இருந்தால் நான் தின்பேன். இப்போது குஞ்சுக்கே இல்லை."

"கேட்டாயா தங்கச்சி? முதலிலிருந்தே இப்படித்தான்" என்றது ஆண் இருவாச்சி. "நீயும் நாலு பழம் தின்னு, நீ சாய்ந்துவிட்டால் குஞ்சை அணைக்க யார் இருக்கிறார்கள் என்று தொண்டை வறளக் கத்துகிறேன். பிடிவாதக்காரி, கேட்டால்தானே?"

பெருச்சாளி திரும்பி நடந்தது. வழியெல்லாம் அதன் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. "பிள்ளையாரப்பா, ஓடையில் தோல் விழக்கூடாது என்றுதானே வேண்டினேன். பழுக்காத காயையும் கேட்டேனா? என் குட்டியைக் கொடுத்துவிட்டு இன்னொருத்தி குஞ்சையா எடுத்துக்கொள்வாய்?"

நேரே குழிக்குப் போயிற்று. பழைய எருவைப் பரபரவென்று தோண்டியது. கொழுத்த வெள்ளைப் புழுக்கள் நெளிந்து வந்தன. அவற்றை ஓர் இலையில் பொறுக்கிப் போட ஆரம்பித்தது.

கீரி பாய்ந்து வந்தது.

"அக்கா! அது என் பங்கு!"

"தெரியும் தம்பி. இருவாச்சிக் குஞ்சு பழமில்லாமல் கிடக்கிறது. புழுவும் தின்னும். முதலில் இதைக் கொடுத்து உயிரைப் பிடித்து வைப்போம்."

"இருவாச்சி நம் குழிக்கு என்ன கொடுத்தது? ஒரு தோல் உண்டா, ஒரு கொட்டை உண்டா?"

"அதன் வாய்க்குப் போக வேண்டியதைத்தான் குழியில் போட்டு மூடினோமே!"

"குரங்கு பறித்தது. அதற்கு நாமா பொறுப்பு?"

"கிழங்கு கொடுத்தது யார்?"

கீரி வாலைச் சுழற்றியது. கோபம் வந்தால் அது அப்படித்தான் செய்யும்.

"பழைய புத்திக்குப் போகாதே அக்கா. ஊருக்கெல்லாம் கொடுத்துக் கொடுத்துப் பாதையில் விழுந்து கிடந்தாயே, மறந்துவிட்டதா? அன்றைக்குத் தண்ணீர் தெளித்தவன் நான்."

"மறக்கவில்லை தம்பி. நீ சொன்னதும் சரிதான்." பெருச்சாளி மண் ஒட்டிய கையோடு உட்கார்ந்தது. "எல்லாரும் தின்ற பிறகு நிற்பதுதான் மிச்சம். அன்றைக்கு எல்லாரும் என்று சொன்னபோது என்னையும் என் குட்டிகளையும் சேர்க்க மறந்தேன். இன்றைக்கு இருவாச்சியைச் சேர்க்க மறந்தேன். இரண்டும் ஒரே தப்புத்தான்."

ஒரு புழு இலையிலிருந்து நழுவி அதன் காலடியில் விழுந்தது. கீரி அதை வாயால் கவ்வியது. விழுங்கப் போகிறது என்றுதான் பெருச்சாளி நினைத்தது. கீரி அதைத் திரும்ப இலையில் போட்டது.

"எனக்கு மரம் ஏறத் தெரியும். கொடு. ஆனால் புழுவை வைத்து எத்தனை நாள் ஓட்டுவாய்? பழம் வேண்டாமா?"

"அதற்குத்தான் நீ சேர்த்து வைக்கச் சொன்ன கிழங்கு இருக்கிறதே" என்றது பெருச்சாளி.

கீரி புழுக்களைக் கவ்விக்கொண்டு மரம் ஏறியது. பெருச்சாளி வளைக்குள் போய், மழைக்காலத்துக்குத் தன் குட்டிகளுக்கு வேண்டிய கிழங்கை முதலில் ஒரு பக்கம் ஒதுக்கியது. மற்றதை வெளியே உருட்டிக்கொண்டு வந்து குரங்குகளுக்கு முன்னால் வைத்தது. கீரியும் இறங்கி வந்து சேர்ந்துகொண்டது.

"இன்றையிலிருந்து சதை உள்ள பழத்துக்குக் கிழங்கு கிடையாது. தோலும் கொட்டையும் சருகும் கொண்டுவந்தால்தான் உண்டு" என்றது பெருச்சாளி.

குரங்குக் கூட்டம் 'ஊ' என்று கூச்சலிட்டது.

"பேச்சு மாறுகிறாயே தங்கச்சி! தின்னாமல் விட்டதெல்லாம் மிச்சம் என்று உன் கூட்டாளி சொன்னானே!" என்றது கடுவன் குரங்கு.

"சொன்னது தப்பு மாமா. தெரியாமல் சொல்லிவிட்டேன்" என்றது கீரி. அது தப்பு என்று சொல்லிக் காடு கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆனால் இந்தக் கிழங்கு முழுவதும் உங்களுக்குத்தான்" என்றது பெருச்சாளி. "மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஆலமரத்திலிருந்து பழுத்த பழமாகக் கொண்டுவந்து இருவாச்சிப் பொந்தில் கொடுக்க வேண்டும். பல் படக்கூடாது."

"வாயில் வைத்துக்கொண்டு கடிக்காமல் வருவதா? குரங்கைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது!"

"கடவுள் உங்களுக்குக் கன்னத்தில் பை வைத்துப் படைத்திருக்கிறாரே மாமா, எதற்காம்?" என்றது கீரி. "வழியில் பேசாமல் போய்விட்டு வாருங்கள். பேசினால்தான் பல் படும்."

குரங்குகள் போயின. கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு, ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கவும் முடியாமல், உம்மென்று வரிசையாகத் திரும்பி வந்தன. ஆண் இருவாச்சி ஒவ்வொரு பழமாக வாங்கிக் கீற்று வழியாக ஊட்டியது.

"நீயும் தின்னு" என்று அது உள்ளே பார்த்து அதட்டியது. "பாதி குஞ்சுக்கு, பாதி உனக்கு. இல்லையென்றால் அடுத்த பழம் கிடையாது."

பெருச்சாளி மரத்தடியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீரியும் பக்கத்தில் உட்கார்ந்தது. அது வேண்டிக்கொண்டதா, சும்மா உட்கார்ந்திருந்ததா, யாருக்குத் தெரியும்?

பொழுது சாய்கிற நேரத்தில் பொந்துக்குள்ளிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்தாற்போல் இன்னும் பலமாக ஒரு சத்தம்.

"பசிக்கிறதாம்" என்றது ஆண் இருவாச்சி. சொல்லிவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

அந்த வருஷம் எரு குறைந்தது. பக்கத்துச் சரிவில் கிழங்கு போடலாம் என்றிருந்த முயலுக்கு முகம் சுண்டிப் போயிற்று. கீரியும் ஒரு சுற்று இளைத்தது. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிக்காட்டியது. ஆனாலும் பெருச்சாளியை விட்டுப் போகவில்லை. காலையில் பெருச்சாளி வளை வளையாகப் போய்க் குப்பை வாங்கும். ஆமை வீட்டில் கிடைக்கிற ஒரு பிடியையும் விடாது. பிறகு வயிறாரக் கிழங்கு தின்றுவிட்டுக் குழி வேலைக்கு வரும். ஓடை மறுபடி தெளிந்தது. அத்தி மறுபடி காய்த்துப் பழுத்தது.

குஞ்சு வளர்ந்ததும் தாய் இருவாச்சி பொந்தின் மண்சுவரை அலகால் இடித்து உடைத்தது. முதலில் தாய் வந்தது. பின்னால் குஞ்சு எட்டிப் பார்த்தது. காடே கீழே கூடி நின்றது. பெருச்சாளி கைகூப்பியது.

"கீழே பார் கண்ணு, கீரி மாமா! அன்றைக்கு உனக்குப் புழு கொண்டுவந்து கொடுத்தது இவர்தான்" என்று தாய் காட்டியது.

கீரி பெருமையாக நெஞ்சை நிமிர்த்தி, மூக்கை உயர்த்தி அண்ணாந்து பார்த்தது.

குஞ்சு கிளைக்குத் தாவி, திரும்பி உட்கார்ந்து, வாலைத் தூக்கி, கீரியின் நெற்றியில் சரியாக ஓர் எச்சம் போட்டது.

காடே சிரித்தது. கீரி அசையவில்லை. நெற்றியிலிருந்ததை மெதுவாக ஓர் இலையால் வழித்து எடுத்தது.

"அக்கா, ஒரு தோல் உண்டா, ஒரு கொட்டை உண்டா என்று கேட்டேன் அல்லவா?" என்று சொல்லி அந்த இலையைப் பெருச்சாளியிடம் நீட்டியது. "இந்தா, குழியில் சேர்த்துக்கொள். இருவாச்சி வீட்டுப் பங்கு!"

நீதி: தன் பசியை மறந்த தருமம் பாதி வழியில் விழும், பிறர் பசியை மறந்த ஆதாயம் குழியிலேயே அழுகும்.